பேர் நிலைத்த ஒரு இசைக்குழு

சென்ற இதழில், புதிதாக வந்த குடும்பங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் எடுப்பது பற்றி எழுதியிருந்தோம். இந்த முறை கொஞ்சம் பாட்டுக் கதை. பாட்டுக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எங்கள் வீட்டுப் பிரச்சினை ஒன்றும் இதற்குள் இருக்கிறது.

மங்காஃபிலும் பக்கத்து ஃபஹாஹீலிலும் எங்கள் சனம் கூடுவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான். பிறந்தநாள் என்றாலும், பிள்ளைக்குப் பேர் வைப்பது என்றாலும், முதல் இரண்டு மணித்தியாலமும் சினிமாப் பாட்டு ஓடும். சாப்பாடு முடிந்த பிறகு யாராவது ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு பைலாவைப் போடுவார். அதுவரை முழங்கால் நோகிறது என்று கதிரையில் இருந்த பெரியம்மாமார் கூட எழும்பிவிடுவார்கள். அந்தப் பாட்டு அநேகமாக ஜிப்சீஸ் குழுவின் பாட்டாகத்தான் இருக்கும்.

அப்போது இரண்டு கேள்விகள் வருகின்றன. பிள்ளைகள், "இது ஆர் பாடினது?" என்று கேட்கிறார்கள். பெரியவர்களில் சிலர், "எங்களுக்கு ஏன் சிங்களப் பாட்டு?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்வதானால் அந்தக் குழுவின் கதையை முதலில் சொல்லவேண்டும்.

மொறட்டுவைக் குடும்பம்

கொழும்பிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் வருவது மொறட்டுவை. மரவேலைக்குப் பேர்போன ஊர். கட்டில், அலுமாரி, கதிரை என்று இலங்கை முழுவதற்கும் தளபாடம் செய்து அனுப்பிய தச்சர்களின் ஊர். பைலாவுக்கும் அதே ஊர்தான் பேர் பெற்றது. அங்கே அன்ரன் பெரேரா என்ற தகப்பன், 1970 அளவில், தன் பிள்ளைகளை வைத்து ஒரு இசைக்குழுவை உண்டாக்கினார். அதுதான் ஜிப்சீஸ். 1952 செப்ரெம்பர் 14இல் பிறந்த மகன் சுனில் பெரேராவுக்கு அப்போது பதினெட்டு வயதளவில் இருக்கும். பின்னாளில் குழுவின் குரலும் முகமும் அவர்தான். தம்பி பியல் பெரேராவும் அதே குழுவில் வளர்ந்தவர்.

இதில் கவனிக்கவேண்டியது தகப்பன் செய்த வேலை. பிள்ளைகள் கிற்றாரைத் தூக்கினால் "படிப்பைப் பார்" என்று அதட்டுகிற தகப்பன்மார்தான் எங்களுக்குப் பழக்கம். இவர் அதையே குடும்பத்தின் தொழிலாக்கினார். தச்சனின் பிள்ளை உளி பிடிக்கப் பழகுவதைப் போல இவருடைய பிள்ளைகள் வாத்தியம் பிடிக்கப் பழகினார்கள். வீட்டுத் தொழில் என்றால் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கும். நேரத்துக்குப் பழகவேண்டும், ஒத்துக்கொண்ட வீட்டுக்கு நேரத்துக்குப் போகவேண்டும், சண்டை பிடித்தாலும் அடுத்த நாள் ஒரே மேசையில் சாப்பிடவேண்டும்.

பைலா யாருடைய சொத்து?

ஜிப்சீஸ் வருவதற்கு முன்னரே பாதை போட்டவர்கள் இருந்தார்கள். பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வோலி பஸ்தியன் சிங்களத்தில் பைலாவைப் பிரபலமாக்கினார். 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலவனவும் மூன்ஸ்டோன்ஸ் என்ற குழுவில், மின்சாரக் கிற்றாரோடு சிங்களப் பாட்டைப் பாடிக் காட்டினார்கள். அதுவரை கிற்றார் என்றால் ஆங்கிலப் பாட்டு என்றிருந்த நிலைமை மாறியது. கிளாரன்ஸ் 1996 டிசெம்பர் 13இல் காலமானார்.

இவர்களுக்கும் முந்தியது பைலா. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களோடு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் வந்தார்கள். இவர்களை ஊரில் காப்பிரி என்று சொல்வார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரின் ஆட்டமும் பாட்டும் கலந்து கிடந்து, நூற்றாண்டுகள் கழித்து பைலாவாக வெளியே வந்தது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று உருண்டோடும் அந்தத் தாளம் அங்கேயிருந்து வந்ததுதான். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் காப்பிரிகளின் வழிவந்தவர்கள் இன்றும் தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். மட்டக்களப்பில் போர்த்துக்கேயப் பறங்கியர் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே பேசுவது எங்கள் தமிழ்தான், கலியாண வீட்டில் ஆடுவது கப்ரிஞ்ஞா. ஆகவே பைலா என்றால் சிங்களவரின் தனிச்சொத்து என்று சொல்லமுடியாது. மட்டக்களப்பார் இதை எங்களை விட நன்றாக அறிவார்கள்.

பாட்டுக்குள் இருந்த ஆட்கள்

அந்தக் காலத்துக் கொழும்புக் குழுக்கள் பலவற்றைப் போல ஜிப்சீஸும் ஆங்கிலப் பாட்டோடு பழகி, பிறகு சிங்களத்துக்கு வந்தது. பேர் வாங்கிக் கொடுத்த ஆரம்பகாலப் பாட்டுக்களில் ஒன்று 'லிந்த லங்க சங்கமய'. கிணற்றடியில் கூடுவது என்று அர்த்தம். கிணற்றடி என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊர்க் கதை முழுவதும் பிறப்பது அங்கேதானே. பிறகு 'சிஞ்ஞோரே', 'குருமிட்டோ', 'அங்கிள் ஜோன்சன்', 'லுணு தெஹி' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லுணு தெஹி என்றால் தேசிக்காய் ஊறுகாய். ஊறுகாயைப் பேராக வைத்த பாட்டு ஒரு நாட்டையே ஆட்டியது என்றால் யோசித்துப் பாருங்கள்.

காதல், கண்ணீர், நிலா என்று மட்டும் பாடாமல் பக்கத்து வீட்டு மனிதர்களைப் பாட்டுக்குள் கொண்டுவந்ததுதான் இவர்களின் கெட்டித்தனம். கேட்கிறவன் முதலில் சிரிப்பான், பிறகு ஆடுவான், வீட்டுக்குப் போன பிறகுதான் அது தன்னைப் பற்றிய பாட்டு என்று விளங்கும். பிற்காலத்தில் வந்த 'ஐ டோன்ட் நோ வை' என்ற பாட்டு நாட்டு நடப்பையே கிண்டல் செய்தது. மேடையில் சிரிப்புக்காரனாக இருந்த சுனில் பெரேரா, பேட்டிகளில் அரசியல்வாதிகளின் ஊழலையும் இனவாதத்தையும் ஒளிவுமறைவில்லாமல் கண்டித்தார். அதற்காக ஏச்சும் வாங்கினார்.

வளைகுடாவுக்கும் இந்தக் கதையில் பங்கு

1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்தது. அதே காலத்தில்தான் எங்கள் நாட்டு ஆண்களும் பெண்களும் குவைத்துக்கும் சவூதிக்கும் டுபாய்க்கும் வேலைக்குப் புறப்பட்டார்கள். லீவில் திரும்பிப் போகும்போது தோளில் வைத்துக் கொண்டுபோன சாமான் எது? ரேடியோவும் கசற்றும் சேர்ந்த பெட்டி. வளைகுடாக் காசில் வாங்கிய அந்தப் பெட்டிகள் கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தன. இசைத்தட்டு வாங்க வசதியில்லாத வீட்டிலும் கசற் ஓடியது. 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது. பாடுகிறவர்களின் முகமும் வீட்டுக்குள் வந்தது. பிறகு சீ.டீ, இப்போது கைத்தொலைபேசி. இத்தனை மாற்றத்திலும் ஜிப்சீஸ் அடிபட்டுப் போகவில்லை. பாட்டை விற்கும் பெட்டி மாறியதே தவிர, கலியாண வீட்டில் நேரே வந்து வாசிக்கும் தொழிலை அவர்கள் விடவில்லை. கையில் தொழில் இருந்தபடியால் குழு கலையவில்லை.

எங்கள் பொப் இசைக்கு என்ன நடந்தது?

இனி எங்கள் பக்கம் வருவோம். பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. ஜிப்சீஸ் தொடங்கிய அதே காலத்தில் இலங்கைத் தமிழர்களிடமும் பொப் இசை கொடிகட்டிப் பறந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' போன்ற பாட்டுக்களை யாழ்ப்பாணப் பேச்சிலேயே பாடினார். தமிழ் பொப் இசையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். திருகோணமலையில் பரமேஷ், கோணேஷ் என்ற சகோதரர்கள் இசைத்தட்டே வெளியிட்டார்கள். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' என்ற பாட்டை இந்தியா வரை கொண்டுபோனார். தமிழும் சிங்களமும் கலந்த அந்தப் பாட்டை அர்த்தம் தெரியாதவர்களும் பாடினார்கள். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படத்திலும் அது இடம்பெற்றது. அவரைத் தமிழ்நாட்டில் சிலோன் மனோகர் என்று அழைத்தார்கள்.

1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. இந்தியப் பத்திரிகைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்த நேரத்தில் உள்ளூரில் எழுதியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் ஒரு வாசல் திறந்தது. இலங்கை வானொலியும் கைகொடுத்தது. திறமையில் எங்கள் ஆட்கள் யாருக்கும் குறைந்தவர்களாக இருக்கவில்லை.

பிறகு ஏன் ஒரு தமிழ் ஜிப்சீஸ் உண்டாகவில்லை? முதல் காரணம் எல்லோரும் அறிந்ததுதான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இசைத்தட்டுப் பதியும் இடமும், வானொலியும், பெரிய மேடைகளும் இருந்தது கொழும்பில். அந்தக் கொழும்பில் தமிழன் இரவு நிகழ்ச்சி முடித்து வீடு திரும்புவதே பயமாகிப் போனது. வடக்கில் 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டது எங்கள் பெற்றோர். பாடக்கூடியவர்கள் அப்போதும் இருந்தார்கள். போர்க்காலப் பாட்டுக்கள் வந்தன, கோயில் பாட்டுக்கள் வந்தன. ஆனால் இரவிரவாக மேடை போட்டு, வாத்தியம் கட்டி, சனத்தை ஆடவைக்கிற தொழிலுக்கு ஊரடங்கு போட்ட ஊரில் இடமில்லை.

இரண்டாவது காரணத்தை நாம் கொஞ்சம் மனம்விட்டுக் கதைக்கவேண்டும். எங்களிடம் பாடகர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் நிலைத்து நிற்கும் குழு இருக்கவில்லை. பேர் பாடியவரோடு ஒட்டியிருந்தது. அவர் கப்பலேறினால் பாட்டும் கப்பலேறியது. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். மனோகரன் சென்னையில் வாழ்ந்து 2018 ஜனவரி 22இல் அங்கேயே காலமானார். அவர்களின் இடத்தில் நின்று, அதே பேரில், அதே பாட்டுக்களை அடுத்த கலியாண வீட்டில் வாசிக்க ஒரு அடுத்த ஆளை நாம் வளர்க்கவில்லை.

பாடியவர் போன பிறகு

2021 ஓகஸ்டில் சுனில் பெரேராவுக்குக் கொரோனா தொற்றியது. ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வீட்டுக்கு வந்தார். மறுபடியும் நிமோனியா என்று கொண்டுபோனார்கள். 2021 செப்ரெம்பர் 6இல் காலமானார். அறுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஐம்பது வருடமாக ஒரு குழுவின் குரலாக இருந்தவர் போய்விட்டார். கலியாண மண்டபங்களும் மூடிக்கிடந்த காலம் அது. இத்தோடு சரி என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் தம்பி பியல் பெரேரா குழுவைப் பொறுப்பெடுத்து நடத்தினார். ஜிப்சீஸ் என்ற பேர் மேடையில் இருந்து இறங்கவில்லை.

அதற்குப் பதின்மூன்று நாளுக்கு முன்னர், 2021 ஓகஸ்ட் 24இல், இங்கிலாந்தின் றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ட்ரம்ஸ் வாத்தியக்காரர் சார்லி வாட்ஸ் காலமானார். அது 1962இல் லண்டனில் தொடங்கிய குழு. அவர்களும் நிறுத்தவில்லை. வேறொருவரை இருத்தி அடுத்த மாதமே மேடை ஏறினார்கள். 2023இல் புதுப் பாட்டுத் தொகுப்பும் வந்தது. கோடீஸ்வரக் குழுவுக்கும் மொறட்டுவைக் குழுவுக்கும் பணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் ஆள் போனால் அந்த இடத்தில் இன்னொரு ஆள் என்பதில் இரண்டும் ஒன்றுதான். நாம் வேலை செய்கிற தொழிற்சாலையில் சிப்ற் மாறும்போது போகிறவன் வருகிறவனிடம் மெசினின் குணத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவான். சொல்லாமல் போனால் மெசின் நிற்கும். பாட்டுக்கும் அதே கதிதான்.

இரண்டாவது கேள்வி

"எங்களுக்கு ஏன் சிங்களப் பாட்டு?" என்ற கேள்வியை நாம் சிரித்துத் தட்டிவிட மாட்டோம். அதைக் கேட்கிறவர்களில் வீடு எரிந்தவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் செல் விழுந்த இரவுகளிலும் தெற்கில் பைலா நிற்கவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டால் வயிறு பற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய உரிமை. அவர் இருக்கும் சபையில் அந்தப் பாட்டைப் போடாமல் விடுவதால் எவருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. கூட்டம் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில், விரும்பி ஆடுகிறவரைத் துரோகி என்று சொல்லவும் கூடாது. கொழும்பில், நீர்கொழும்பில், புத்தளத்தில் வளர்ந்த தமிழருக்கு அது பள்ளிக்கூடக் காலத்துப் பாட்டு. மங்காஃபில் ஒரே கட்டடத்தில் மேல்மாடியில் சிங்களக் குடும்பமும் கீழ்மாடியில் எங்கள் குடும்பமும் இருக்கின்றன. ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறோம். அந்தப் பாட்டு யாருடையது, யார் பாடினது, அதை அவர் என்ன மனதோடு பாடினார் என்று தெரிந்துகொண்டு ஆடுவதில் தவறில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம்.

எங்களுக்கு வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சினிமாப் பாட்டு இருக்கிறது, ஜிப்சீஸ் இருக்கிறது, நித்தி கனகரத்தினம் இல்லை. பிள்ளைக்கு 'சின்ன மாமியே' தெரியாது. தெரியாதது பிள்ளையின் பிழையா?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். புதிதாக வந்த குடும்பங்களுக்கு வாடகை, விசா, பள்ளிக்கூடக் காசு என்று தலைக்கு மேல் வெள்ளம். ஆனாலும் காசில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, அவர்களுக்கு நினைவில் இருக்கும் எங்கள் பொப் பாட்டுக்களைக் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. யார் பாடியது, எந்த ஊர், எந்தக் கலியாண வீட்டில் கேட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு கிற்றாரையோ கீபோட்டையோ தொட்டால் அதட்டவேண்டாம். அவர்களுக்கு ஒரு பேர் வையுங்கள். பேர் குழுவுக்கு இருக்கட்டும், ஒரு பிள்ளைக்கு மட்டும் வேண்டாம். ஒரு பிள்ளை ஊர் மாறிப் போனால் அடுத்த பிள்ளை வந்து சேரட்டும். இங்கே எவரும் நிரந்தரம் இல்லை. இன்று மங்காஃப், நாளை கனடாவோ ஊரோ யாருக்குத் தெரியும்? அதனால்தான் பேர் குழுவின் பேராக இருக்கவேண்டும் என்கிறோம்.

மூன்றாவது, அடுக்குமாடி வீடு என்பதை மறக்கவேண்டாம். பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்து நித்திரை கொள்பவர் இருப்பார். பகலிலும் சத்தத்தைக் குறைத்துத்தான் பழகவேண்டும். மண்டபம் எடுத்துப் பொது நிகழ்ச்சி என்றால் அனுமதி எடுக்காமல் இறங்கவேண்டாம். மது இங்கே சட்டப்படி தடை. பைலாவுக்குப் போத்தல் வேண்டும் என்று நினைக்கிற அண்ணைமார் எங்கள் பெரியம்மாமார் ஆடுவதைப் பார்க்கட்டும். தேத்தண்ணியோடுதான் ஆடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் நினைவிருக்கும் பாட்டுக்களின் பேரையும், பாடியவரின் பேரையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். இரண்டு வரியாக இருந்தாலும் போதும். வந்தவற்றை இந்தப் பகுதியில் பட்டியலாகப் போடுவோம். அடுத்த இதழில், ஊருக்குக் காசு அனுப்பும்போது கவனிக்கவேண்டியவை பற்றிக் கதைப்போம். அதுவரை வணக்கம்.